கண்ணியை அடைத்துவிட்டார்கள், யாரிடம் போவது?

மேட்டூர் திறந்து பதினைந்து நாளில் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வயலுக்குத் திரும்புகிற கண்ணியில், அதாவது சின்னக் கிளை வாய்க்காலில், மட்டும் வரவில்லை. அம்மா மண்வெட்டியோடு போய்ப் பார்த்தபோது கண்ணி இருந்த இடமே தெரியவில்லை. பக்கத்து வயலோடு சேர்த்துச் சமமாக நிரவியிருந்தது. பொக்லைன் ஓடிய தடம் ஈர மண்ணில் அப்படியே பதிந்து கிடந்தது. அந்த வயல் பெரியப்பா மகனுடையது. நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அம்மாவைச் சித்தி என்று கூப்பிடுகிறவர். அவர் வயலின் ஓரமாக நாற்பது அடி தூரம் வந்துதான் தண்ணீர் எங்கள் ஒன்பது மா நிலத்தில் பாய வேண்டும்.

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பட்டா அம்மா பெயரில் இருந்தது. நாற்றங்காலில் நாற்று தயாராக நின்றது. அன்று இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஊரைக் கூட்டு என்றார் சித்தப்பா. ஸ்டேஷனில் எழுதிக் கொடு என்றார் எதிர்வீட்டு மாமா. சர்வேயரை வைத்து அளந்துவிடு என்றார் ஒருவர். வக்கீலைப் பார் என்றார் இன்னொருவர். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் இதில் எல்லா வாசலையும் நாங்கள் மிதித்துவிட்டோம். காவிரிப் படுகையில் வரப்பு, பாதை, தண்ணீர், பங்கு என்று ஏதோ ஒன்றில் சிக்கி நிற்கிறவர்கள் ஏராளம். எந்த வாசல் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று எனக்குத் தெரிந்ததை அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஊர்க்கூட்டம்

ஊரில் பிராது கொடுக்கப் பத்திரம் எழுத வேண்டாம். நாட்டாண்மை வீட்டுக்குப் போய் வெற்றிலைப் பாக்கோடு 101 ரூபாய் வைத்து விஷயத்தைச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை இரவு மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். இரண்டு தரப்பும் ஊர் முடிவுக்குக் கட்டுப்படுவதாக ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள்.

ஊர்க்கூட்டத்தின் பெரிய பலம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எந்தக் கோர்ட்டிலும் இல்லாத ஒரு ஞாபகம் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை பார்த்த தாத்தா ஒருவர் எழுந்து நின்றார். கைத்தடியால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "இது வாய்க்கா. இது கண்ணி. எழுபத்தேழு புயலுக்கு முன்னாடியே இது இருக்கு. புயல்ல தூர்ந்து போனப்ப நானும் இவங்க தாத்தாவும்தான் வெட்டினோம்" என்றார். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலை எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் போல நினைவு வைத்திருப்பார்கள். அவர் சொன்னதற்கு மேல் அண்ணனால் எதுவும் பேச முடியவில்லை. மறுநாள் காலையில் நாலு பேர் போய்க் கண்ணியைத் திறந்துவிட்டார்கள். செலவு 1,101 ரூபாய், நாள் ஒன்பது. குறுவையை நட்டோம். வேறு எந்த வழியிலும் அந்தப் போகத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் அம்மா பேசவில்லை. கோயில் வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தெருவோரம் மதில் பக்கமாக நின்றோம். நிலம் அம்மாவுடையது, பேசியவர் சித்தப்பா. நடுவில் ஒரு தடவை அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "பொம்பளைங்க பேசறதுக்குத்தான் தம்பி இருக்காரே" என்று ஒருவர் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வருஷம் கண்ணி மறுபடி அடைபட்டது. ஊர் கூப்பிட்டது, அண்ணன் வரவில்லை. முதல் தடவை கட்டிய 1,000 ரூபாய் போனால் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். இப்போது ஊர் கையில் மிச்சமிருந்தது ஒரே ஆயுதம், ஒதுக்கி வைப்பது. கூட்டத்தில் அந்தப் பேச்சும் வந்தது. அம்மா சித்தப்பா மூலமாக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். "அவன் மகள் கல்யாணத்துக்கு ஊரே போகாம இருந்தா என் வயலுக்குத் தண்ணி வந்துடுமா?" என்று வீட்டில் கேட்டார். அம்மா செய்தது சரி. ஒரு குடும்பத்தோடு பேசக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது என்று கட்டளை போட எந்த ஊருக்கும் சட்டத்தில் இடமில்லை. பட்டியல் சாதியினர் மீதோ பழங்குடியினர் மீதோ மற்றவர்கள் அப்படி ஒரு புறக்கணிப்பை விதித்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது தனிக் குற்றம்.

இதே ஊர்க்கூட்டம் 1998-ல் என் அத்தைக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். தாத்தா இறந்த பிறகு பாகப்பிரிவினைக்காகக் கூட்டம் போட்டார்கள். அத்தைக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, அதனால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே தாத்தா சுயமாக வாங்கிய நிலத்தில் மகளுக்கும் மகன்களைப் போலவே பங்கு உண்டு. 1989-ல் தமிழ்நாடு அரசு அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் சம பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய சட்டம் கல்யாணமான மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இது எதுவும் அந்தக் கூட்டத்தில் பேசப்படவில்லை. அத்தை பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. காபியை ஆறவிட்டு, கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் பலத்தை வைத்து மிரட்டி முடிக்கிற கட்டப் பஞ்சாயத்தும் எங்கள் ஊர்க்கூட்டமும் ஒன்றல்ல என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் 2011-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, சாதியின் பெயரால் ஆட்களின் சொந்த வாழ்க்கையில் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்கிற கூட்டங்களைக் கட்டப் பஞ்சாயத்து என்றே பெயர் சொல்லி, சட்டவிரோதம் என்று எழுதியது. ஆக, கூட்டத்தின் பெயரோ அதை நடத்துகிறவரின் நல்ல மனசோ முக்கியமில்லை, அங்கே எந்த விஷயத்தைப் பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம். கண்ணியைத் திறப்பது ஒரு விஷயம். காதலித்துக் கல்யாணம் செய்தவர்களைப் பிரிப்பதும், அடிபட்ட பெண்ணைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்புவதும், தீண்டாமைக் கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டு முடித்துவைப்பதும் வேறு விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்கு ஊர் நியாயம் என்றால் ஒரு காலத்தில் சாணிப்பாலும் சவுக்கடியும்தான். நியாயம் சொன்னவரும் மிராசுதார், குற்றம் சாட்டியவரும் மிராசுதார். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் போன்றவர்கள் சங்கம் கட்டிய பிறகுதான் அது ஒடுங்கியது. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, தகராறுகளை விசாரிக்க ஊருக்கு வெளியிலிருந்து சமரச அதிகாரிகளை வைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ஒரே கையில் நிலமும் நீதியும் இருந்தால் கூலிக்காரர் எங்கே பேசுவார்? அப்படியும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலித் தகராறு 44 உயிர்களைக் கொண்டுபோனது. அதில் நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கோர்ட் மட்டும் எப்போதும் நியாயம் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தரப்பு உட்கார்ந்தும் இன்னொரு தரப்பு நின்றுகொண்டும் பேசுகிற இடத்தில் சமரசம் என்று ஒன்று இல்லை, அவ்வளவுதான். தெருவுக்கும் காலனிக்கும் இடையில் வருகிற எந்தத் தகராறையும் ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடற்கரை ஊர்களில் மீனவர் பஞ்சாயத்து இதைவிடப் பலமானது. வலை அறுந்தது, படகு மோதியது என்று வருகிற தகராறுகளை அன்றைக்கே முடித்துவைப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தைப் பங்கிட்டதும் பல ஊர்களில் அவர்கள்தான். தனியாக வாழ்கிற பெண்களும் மீனவர் அல்லாதவர்களும் அந்தக் கணக்கில் விடுபட்டார்கள் என்ற புகாரும் அப்போதே எழுந்தது. வரி கொடுக்கிற ஆண் தலைவன் உள்ள குடும்பம்தான் அங்கே கணக்கு.

ஸ்டேஷன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் தடவை கண்ணி அடைபட்டபோது புகார் கொடுத்தோம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. "இது சிவில் மேட்டர்மா" என்றார்கள். அது உண்மைதான். வரப்பு யாருடையது, தண்ணீர் யாருக்கு என்று முடிவு செய்ய போலீஸுக்கு அதிகாரம் இல்லை. வக்கீல் ஒருவரும் இல்லாமல் இரண்டு தரப்பையும் ஸ்டேஷனில் உட்காரவைத்து எழுதி வாங்குகிற காகிதத்துக்கு மதிப்பும் இல்லை. ஆனால் அடிதடி, மிரட்டல், பெண் மீது கைவைப்பது, சாதி சொல்லித் திட்டுவது என்று வந்தால் முதலில் போக வேண்டிய இடம் ஸ்டேஷன்தான். அதில் சமரசத்துக்கு இடமே கொடுக்கக்கூடாது. வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். உதவிக்கு 14566 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு 181.

நிலத்தகராறு வெட்டுக்குத்தாக மாறப்போகிறது என்ற நிலை வந்தால், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் தலையிடலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில், அதாவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், நிலம் தண்ணீர் பற்றிய தகராறுகளுக்கு 164 முதல் 166 வரை பிரிவுகள் இருக்கின்றன. அதில் வருகிற உத்தரவு அப்போதைக்கு அமைதி காக்கத்தான். உரிமை யாருக்கு என்பதை அது முடிவு செய்யாது.

சர்வேயர் வந்த அன்று

நாங்கள் செய்த தப்பு, இதை முதலில் செய்யாமல் மூன்றாவதாகச் செய்தது. யாரிடம் போவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். புலப்படம் (வயலின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (எந்த நிலம் எந்த வகை என்று சொல்கிற பதிவேடு), பட்டா மூன்றையும் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். அதில் நீங்கள் தேட வேண்டியது ஒன்றுதான். அடைபட்ட வாய்க்கால் அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா, அல்லது ஒருவருடைய பட்டா நிலத்துக்குள் ஓடுகிறதா?

புறம்போக்கு என்றால் அது அரசு நிலம். அடைத்தவருக்கும் உரிமையில்லை, அதை விட்டுக்கொடுத்து சமாதானம் பேச உங்களுக்கும் உரிமையில்லை, ஊருக்கும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாதாந்தர விவசாயிகள் குறைதீர் கூட்டம் என்று மனுவாகவே போங்கள். 1905-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டத்தில் எடுத்துவிட வழி இருக்கிறது. பட்டா நிலத்துக்குள் ஓடுகிற கண்ணி என்றால் கதை வேறு. அது அனுபவப் பாத்தியதை. 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக, வெளிப்படையாகத் தண்ணீர் கொண்டுபோயிருந்தால் 1882-ஆம் ஆண்டின் சட்டப்படி அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அடைபட்ட பிறகு இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். ஊர் பேசும், உறவு பேசும் என்று இந்த இரண்டு வருஷத்தைக் கோட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைபட்ட தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்கள் கண்ணி புலப்படத்தில் இல்லை. சரி, அளந்தாவது பார்ப்போம் என்று பணம் கட்டினோம். சர்வேயர் வந்தது தை மாதம், அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்ற வயல். படத்தைப் பார்த்து, டேப்பைப் பிடித்து, ஓர் இடத்தில் கடப்பாரையால் குத்தச் சொன்னார். இரண்டு குத்து மண். மூன்றாவது குத்தில் ணங் என்று கல்லில் பட்டது. கையால் சேற்றைத் தள்ளினால் அம்பு போட்ட பழைய அளவுக்கல். அது இருந்தது எங்கள் வரப்புக்கு இந்தப் பக்கம், எங்கள் வயலுக்குள்ளே இரண்டு அடி தள்ளி. அதாவது எங்கள் வரப்புதான் அண்ணன் நிலத்துக்குள் இரண்டு அடி போயிருந்தது. அப்பா காலத்திலா, தாத்தா காலத்திலா, தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் வரப்பு வெட்டும்போது மண்ணை ஒரே பக்கமாக அணைத்தால் வரப்பு மெல்ல நகரும் என்று படுகையில் வரப்பு வெட்டிய எல்லோருக்கும் தெரியும். அண்ணன் ஒன்றும் பேசாமல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஊர்க்கூட்டத்தில் அதை அவர் சொல்லவே இல்லை. கேட்கவும் ஆளில்லை.

ஒரு எச்சரிக்கை. பட்டா என்பது வரி கட்டுவதற்கான பதிவு, அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். பதிவில் பெயர் மாறிப்போனவை, உட்பிரிவு தவறிப்போனவை எங்கள் பக்கத்தில் நிறைய. தாத்தா பத்திரம் ஒன்று சொல்ல, கணினிப் பட்டா வேறு ஒன்று சொன்னால், தாய்ப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். ஆட்சி, ஆவணம், சாட்சி என்று பழைய தமிழில் சொல்வார்களே, இன்றைக்கும் கேட்கப்படுவது அந்த மூன்றுதான். புலப்படமும் பத்திரமும் ஆவணம், நீங்கள் பயிர் செய்து வருவது ஆட்சி, எழுபத்தேழு புயல் தாத்தா சாட்சி.

குத்தகை நிலம் என்றால், முக்கியமாகக் கோயில் நிலம், மடத்து நிலம் என்றால், வழி வேறு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி உங்களை வெளியேற்ற வருவாய் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். நிலக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால் அங்கேயே கட்டிவிடலாம். 1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையை நம்பி ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிற்பது ரொம்ப ஆபத்து. அந்தப் பெரியவர்களில் பாதிப்பேர் நிலக்காரர்களாக இருப்பார்கள்.

கோர்ட்

முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டால் கிடைக்கிற மூன்று விஷயங்கள் வேறெங்கும் கிடைக்காது. முதலாவது, எதிர்த்தரப்பு வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். இரண்டாவது, பயிர் காய்கிறது என்று காட்ட முடிந்தால் இடைக்காலத் தடை கேட்கலாம். மூன்றாவது, வக்கீல் கமிஷனர் ஒருவர் சர்வேயரோடு வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். பலர் பயப்படுகிற அளவுக்குக் கோர்ட் கட்டணமும் இல்லை. சொத்து மதிப்பில் 7.5 சதவீதமாக இருந்ததை 2017-ல் தமிழ்நாடு அரசு 3 சதவீதமாகக் குறைத்துவிட்டது. தடை கேட்கிற வழக்குக்கு இன்னும் குறைவு.

கோர்ட்டில் கரைவது காலம். முன்சீப், அதற்குமேல் சார்பு நீதிமன்றம், அதற்குமேல் இரண்டாம் மேல்முறையீடு. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் என்றால் அது மதுரைக் கிளைக்கு, திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் சென்னைக்கு. அண்டை அண்டையாக வயல் வைத்திருக்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு திசையில் பஸ் ஏறுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். காவிரி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அத்தனை வருஷம் காத்திருந்த விவசாயிக்கு வாய்தா என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மொழியும் ஒரு தடைதான். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, அந்தக் கால மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளை 1860களிலேயே தமிழில் எடுத்துத் தந்தவர். சட்டம் தமிழில் இருந்தால்தான் வழக்காடுகிறவருக்குத் தன் வழக்கு புரியும் என்று அவர் பட்ட கவலை இன்னும் தீரவில்லை. நாற்பது பக்கத் தீர்ப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, ஜெயித்தோமா தோற்றோமா என்று வக்கீல் குமாஸ்தாவைக் கேட்கிறவர்களை இன்றைக்கும் கோர்ட் வாசலில் பார்க்கலாம்.

ஆனாலும் பங்கு மறுக்கப்பட்ட மகளுக்கும், போலிப் பத்திரத்தில் நிலம் பறிபோனவருக்கும் நான் கோர்ட்டைத்தான் சொல்வேன். அத்தை 1998-ல் அங்கே போயிருக்க வேண்டும். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தது

ஒவ்வொரு வட்டத்திலும் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே வட்டச் சட்டப்பணிகள் குழு என்று ஒரு சின்ன அலுவலகம் இருக்கும். 1987-ல் இயற்றி 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அமைந்தது. இதைப் பற்றி எங்கள் திண்ணையில் அன்றிரவு ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. பட்டா அம்மா பெயரில் இருந்ததால் ஒரு பைசா செலவில்லை. 15100 என்ற எண்ணுக்கு அடித்தாலும் வழி சொல்வார்கள்.

கோர்ட்டில் வழக்கு இல்லாமலே மனு கொடுக்கலாம். கொடுத்தோம். அண்ணனுக்கு நோட்டீஸ் போயிற்று. நீதிமன்ற முத்திரை போட்ட காகிதம் என்பதால் ஊர் கூப்பிட்டு வராதவர் இதற்கு வந்தார். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், வக்கீல் ஒருவர், ஒரு பிளாஸ்டிக் மேஜை. இரண்டு பக்கமும் நாற்காலி. "உக்காருங்கம்மா. நிலம் உங்களுதுதானே, நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். அம்மா ஒரு நிமிஷம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணியில் ஆரம்பித்து, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன்தான் தண்ணீர் பாய்ச்சினார் என்பது வரை சொன்னார். இரண்டு அடி நிலத்தை நாங்கள் தெரியாமல் வைத்திருந்தோம் என்பதையும் அம்மாவே சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்படி உட்காரவைத்துப் பேசி முடிக்கிற இடத்துக்கு மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) என்று பெயர். அதன் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. மீறினால் நிறைவேற்று மனு போடலாம். ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்து இங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பி வரும். வெளியே தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டாலும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு நடக்கிறவர்களுக்குச் சமரச மையம் என்ற வழியும் உண்டு. இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையம் முதலில் தொடங்கியது 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். மக்கள் நீதிமன்றத்தைவிட அங்கே நிதானமாகப் பேசலாம், தனித்தனியாகவும் பேசுவார்கள். குடும்பப் பங்குத் தகராறுக்கு அது இன்னும் பொருத்தம்.

குறையும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வரவே மாட்டேன் என்றால் மக்கள் நீதிமன்றத்தால் எதுவும் செய்ய முடியாது. சம்மதம் இல்லாமல் அது தீர்ப்புச் சொல்லாது. சொல்லவும் கூடாது. தேசிய அளவில் ஒரே சனிக்கிழமையில் நடத்துகிற மக்கள் நீதிமன்றத்தில் கூட்டம் அதிகம். அவசரத்தில் முடித்துவிடச் சொன்னால் "அடுத்த அமர்வில் பார்க்கலாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மேல்முறையீடு இல்லாத முடிவு என்பதால் படித்துப் பார்த்து, வீட்டில் ஒரு நாள் வைத்திருந்து கையெழுத்துப் போடுங்கள். இங்கே மனு கிடக்கிறது என்பதற்காக அந்த இரண்டு வருஷக் கெடு நிற்காது.

2023-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த மத்தியஸ்தச் சட்டத்தில் சமூக மத்தியஸ்தம் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒரு பகுதியின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறை, இரண்டு தரப்பும் முன்கூட்டிச் சம்மதித்தால், மூன்று பேர் கொண்ட குழு பேசி முடிக்கலாம் என்கிறது. ஊர்க்கூட்டத்தின் நல்ல பக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிற யோசனை. ஆனால் அதில் வருகிற உடன்பாடு கோர்ட் தீர்ப்பாணை ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. எங்களுக்கு இரண்டாம் வருஷம் ஊர்க்கூட்டத்தில் ஏற்பட்ட கதிதான் அதற்கும் ஏற்படும் என்று எனக்குப் பயம் இருக்கிறது.

இப்போது யாராவது வந்து கேட்டால் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: அந்த இடத்தில் நீங்கள் 'எனக்குச் சம்மதமில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியுமா? வந்த பிறகு மறுநாள் கடைத்தெருவில் நடக்க முடியுமா? முடியும் என்றால், தண்ணீர் முறை, பாதை, மாடு மேய்ந்தது, வரப்பு நகர்ந்தது போன்றவற்றுக்கு முதலில் ஊரிலேயே பேசுங்கள். அங்கே பேசியது சரியாக வந்தால், அதே வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போய் மக்கள் நீதிமன்றத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முச்சலிக்கையாக எழுதி நாட்டாண்மை பெட்டியில் வைத்தால் அது காகிதம்தான். முடியாது என்றால், ஊரைத் தாண்டி நேராகச் சட்டத்தின் வாசலுக்குப் போங்கள். சாட்சி சொல்ல மட்டும் ஊரைக் கூப்பிடுங்கள். எங்களுக்கும் எழுபத்தேழு புயல் தாத்தா வந்து சொன்னார். அவரைக் கூட்டிவந்தது சித்தப்பாதான்.

எங்கள் முடிவு ஒன்றரைப் பக்கம். அளவுக்கல் இருக்கிற இடத்தில் புது வரப்பு, இரண்டு அடி அண்ணனுக்கு. கண்ணி இனி அவர் வயல் ஓரத்தில் திறந்து ஓடாது, ஆறு அங்குலக் குழாயாக மண்ணுக்கடியில் போகும், குழாய்ச் செலவு பாதிப் பாதி. குறுவை நடவு நாட்களில் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை எங்கள் முறை. குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டு வீடும் சேர்ந்து எடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போடும்போது அண்ணன் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். குழாய் வாயில் வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நண்டு போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். அந்த நீதிபதி அதையும் எழுதினார்.

வருஷா வருஷம் ஆனி மாதம் அந்த வலையை மாற்றுகிறோம். போன வருஷம் அண்ணனே மாற்றிவிட்டு, "சித்தி, வலை முப்பது ரூபா, பாதி குடுத்துடுங்க" என்று வாசலில் வந்து நின்றார்.